முத்தான பன்னிரண்டும் ஒரு பாண் வண்டியும்

மாத்தளையில் போய் மிளகுச் சாக்கு என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கடையிலும் ஒன்றை உதறி எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் ஒரு ரொக் இசைக்குழு இருந்தது, அது மூன்று அல்பம் போட்டது, அதில் பாடியவன் நான்தான் என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பாவம், வெயிலில் நடந்து வந்திருக்கிறான் போல என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் புகழ்.

"முதல் பஸ்" என்ற பாட்டைத் தெரியுமா என்று கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அதன் தொடக்கத்தை முனகிக் காட்டினால் மட்டும் முகம் மலரும். அட, பாண் பாட்டு என்பார்கள். சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் காசு வாங்க உம்மாவிடம் ஓடும்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் காலையிலும் பின்னேரத்திலும் தெருத் தெருவாக த்ரீவீலில் சுடச்சுடப் பேக்கரிப் பாண் வரும். பின்பக்கம் பாணும் பணிஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கூரையில் குழாய் ஸ்பீக்கர். மெட்டுக் கேட்டதும் சனம் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும். ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் ஒரே மெட்டைத்தான் அலறவிடும். அன்ஸாப்பின் வண்டி மட்டும் "முதல் பஸ்" பாட்டின் தொடக்கத்தைப் போட்டுக்கொண்டு வரும். வெறும் கிட்டார், திரும்பத் திரும்ப. அந்த அன்ஸாப் யார் என்றால், மிளகுச் சாக்கின் ட்ரம்மர். கிட்டார் வாசித்த கை என்னுடையது.

குழு பிறந்தது அன்ஸாப்பின் வாப்பா பாறூக் ஹாஜியாரின் களஞ்சியத்தில். மிளகும் கராம்பும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். நானும் ஹெர்பர்ட்டும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவோம். ஹெர்பர்ட் பேஸ் கிட்டார். ஒரு பாட்டுக்கு நாலு தும்மல் என்ற கணக்கில் பயிற்சி நடக்கும். ஒரு மழை நாளில் கரண்ட் போய்விட்டது. அன்ஸாப் மூட்டை ஒன்றின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு மெட்டை விசிலடித்தான். சும்மா, வேலையில்லாமல் அடித்தான். நான் அதைக் கிட்டாரில் பிடித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் விடியக் காலையில் முதல் பஸ் ஏறிக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவதைப் பற்றி அடுத்த வாரம் வரிகள் எழுதினேன். சி.டி. உறையில் இசை மிளகுச் சாக்கு என்று போட்டோம். யாருடைய மெட்டு என்ற கேள்வி அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கும் வரவில்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்தோடு குழு கலைந்தது. கல்யாண வீடுகளே வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் ரொக் யாருக்கு வேண்டும்? ஹாஜியாரின் கடை கைமாறியது. அன்ஸாப் ட்ரம் செட்டை விற்று த்ரீவீலுக்குக் கண்ணாடிப் பெட்டி அடித்தான். ஹெர்பர்ட் டவுனில் போன் திருத்த உட்கார்ந்தான். நான் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில், வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது அவர்கள் ஊர்ப் பழைய பாட்டுக்களைப் பாடுகிறேன். முள்ளுக் கரண்டிச் சத்தம்தான் எனக்குத் தாளம்.

அவன் வண்டியில் எங்கள் பாட்டை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. என்னடா இது என்று சண்டைக்குப் போனேன். ஊரிலே எல்லா வண்டியும் ஒரே டியூன் போட்டால் யார் வருவது என்று சனத்துக்கு எப்படி விளங்கும் என்று கேட்டான் அவன். பிறகு, "இது நம்மட சாமான் தானே மச்சான், நாலு பேரு கேக்கட்டுமே" என்று சிரித்தான். எனக்கு உள்ளே எரிந்துகொண்டேயிருந்தது. ஹோட்டலில் நான் மைக்கைத் தட்டிப் பார்த்தாலே போதும், குசினிக்குள்ளிருந்து ஒருத்தன், அண்ணே ரெண்டு கிம்புலா பணிஸ் என்று குரல் கொடுப்பான். மற்றவன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ரொஹான் போன் எடுத்தான். ஓர் இசைக் கம்பனியில் இருக்கிறான். வயதில் சின்னவன், நல்ல மரியாதைக்காரன். பழைய தமிழ் ரொக் பாட்டுக்களை இப்போது பசங்கள் தேடித் தேடிக் கேட்கிறார்களாம். மூன்று அல்பத்திலும் சிறந்ததைப் பொறுக்கி ஒரே தொகுப்பாகப் போட வேண்டுமாம். பெயரும் வைத்துவிட்டான்: மிளகுச் சாக்கு, முத்தான பன்னிரண்டு.

போனை வைத்துவிட்டு வீடு முழுக்க நடந்தேன். நாற்பதைத் தாண்டியவன் அப்படி நடக்கக் கூடாது. என் மனைவி ஷெரோமி அரிசி களைந்துகொண்டே கேட்டாள், "ஒண்ணு ஊருக்கே தெரியும். மத்த பதினொண்ணையும் எங்க இருந்து பொறுக்கப் போறீங்க?" அவளுக்கு என்னைக் கிள்ளாவிட்டால் சோறு இறங்காது. அன்று எனக்குக் கோபம் வரும் இடமெல்லாம் சந்தோஷம் நிறைந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரொஹான் வீட்டுக்கு வந்தான். ஷெரோமி கேக் வெட்டி வைத்தாள். அவன் உறைக்கான படத்தைப் போனில் காட்டினான்: கறுப்புச் சட்டை, புகை, என் முகம் பாதி இருட்டில். பார்க்க எனக்கே பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. நீங்கள் ஒரு மறைந்த ராஜா மாதிரி அண்ணே என்றான். நான் தலையைச் சாய்த்து அடக்கமாகச் சிரித்தேன். ராஜா சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தியில் மெட்டுக் கேட்டது. கிட்டக் கிட்ட வந்தது. வந்து எங்கள் கேட்டடியில் நின்றது.

ரொஹான் யன்னலுக்குப் போனான். வெடித்துச் சிரித்தான். "அண்ணே, இது உங்க பாட்டுல்ல? பாண்காரன் களவெடுத்துட்டானா?"

வெளியே அன்ஸாப் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். தலையில் தொப்பி, வெயிலில் கறுத்த கை, முகமெல்லாம் பல். தொகுப்புக் கதையை ஹெர்பர்ட் அவனுக்குச் சொல்லியிருக்கிறான். கையில் ஒரு பை நிறைய சீனிச் சம்பல் பணிஸ் கொண்டு வந்திருந்தான், கொண்டாட. உள்ளே வாடா, ரொஹான், இவன்தான் எங்கள் ட்ரம்மர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு ஆகாது.

"ஆமா, இந்த ஊர்ல யாரு கேக்குறா" என்றேன்.

சொல்லிவிட்டு, அவன் உள்ளே வந்துவிடுவானே என்ற பயத்தில் நானே வாசலுக்கு விரைந்தேன். கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றேன். குடுங்க! இருபது வருஷமாக டா போட்டுப் பேசியவனிடம்.

அன்ஸாப் என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் யன்னலில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற ரொஹானைப் பார்த்தான். மேடையில் என் தோள் அசைவதை வைத்தே பாட்டு எந்த இடத்தில் திரும்பும் என்று கண்டுபிடிக்கிறவன் அவன். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? பணிஸ் பையைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தான். ஒரு றாத்தல் பாணை எடுத்துக் கடதாசியில் சுற்றி, "இந்தாங்க, சூடு" என்று நீட்டினான். காசு வாங்கினான். வண்டியை எடுத்தான். பேதுருவுக்குச் சேவல் கூவியதாம். எனக்கு என் பாட்டே கூவிக்கொண்டு தெருக்கோடி மட்டும் போனது.

திரும்பி வந்தேன். ஷெரோமி கதவு நிலையில் நின்றாள். என் கையிலிருந்த பாணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குசினிக்குள் போய்விட்டாள். ரொஹான் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக யார் இசை என்று பதிய வேண்டும், இப்போதெல்லாம் குழுப் பெயர் போதாது என்றான். "முதல் பஸ்" யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். நனைந்த பின் முக்காடு எதற்கு?

இரண்டொரு வாரம் கழித்து ரொஹான் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டான். அந்தப் பாண் வண்டி விஷயத்தைக் கம்பனி சட்டத்தரணி பார்த்துக்கொள்வார், உங்கள் பெயரில் முறைப்பாடு போடுகிறோம், சரிதானே அண்ணே. நான் ஹோட்டலில் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். கொழும்புக்காரர்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேனா, மறக்கக் கூடாது என்று நினைத்தேனா? உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் ஒழிந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் மனம் அரித்தது. அவனே மெட்டை மாற்றிவிட்டால் முறைப்பாடு தேவையில்லை என்று கணக்குப் போட்டு அன்ஸாப் வீட்டுக்குப் போனேன். சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. மெட்டை மாற்று என்பது ஒன்று. வெளியீட்டு விழாவுக்கு ரொஹான் கொழும்பிலிருந்து வேறு ட்ரம்மரைப் பிடித்துவிட்டான் என்பது மற்றது. அன்ஸாப்பின் மனைவி நிஷ்மியா இஞ்சி போட்டு பிளேன்டி தந்தாள். கேட்டடியில் நடந்ததைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்கவில்லை. நீ கேளடா, திட்டடா என்று எனக்குள் கத்தினேன். அவனோ வெறும் பாண் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிக் காட்டினான். த்ரீவீல் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிட்டதாம், விழாவுக்குள் பழக்கிவிடுவானாம். இந்த முறை கல்யாண வீட்டு அடி அடிக்கக் கூடாது மச்சான், ஒழுங்காக அடிக்க வேண்டும் என்றான்.

நிஷ்மியா சிரித்தாள். விடிய எழும்பி இந்தத் தட்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறாராம், பிள்ளைகள் தூங்க முடியவில்லையாம். நான் இரண்டு பணிஸ் தின்றேன். நல்லது, வருகிறேன் என்று எழும்பினேன். வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரிப் போய், அப்படியே வந்து சேர்ந்தேன்.

அடுத்து நடந்ததை ஹெர்பர்ட்தான் சொன்னான். பொலிஸ் சந்தியில் அன்ஸாப்பின் வண்டியை நிறுத்தியிருக்கிறது. ஒருவரும் அதட்டவில்லையாம். முறைப்பாடு வந்திருக்கிறது, ஸ்பீக்கரைக் கழற்றிவிடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இது என் பாட்டு சேர் என்று சிங்களத்தில் வாதாடியிருக்கிறான். அப்படியானால் முறைப்பாட்டில் இருக்கிற இந்த ஷியாம் யார் என்று என் பெயரைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அவனே கூரைக்கு எட்டி ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டானாம்.

கம்பனி வேலைடா, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஹெர்பர்ட் கையிலிருந்த போனின் முதுகைத் திறந்தபடியே, "கம்பனிக்கு அவன் இந்தச் சந்தியில வாறது எப்படித் தெரியும்?" என்று கேட்டான். நான் கடையை விட்டு இறங்கினேன். அவன் கூப்பிடவில்லை.

அதன் பிறகு அன்ஸாப் சத்தமில்லாத வண்டியோடு அலைந்தான். பாண், பாண் என்று கத்திப் பார்த்தான். அவன் குரல் ஒரு நாளும் தூரம் போகாது, அதனால்தானே அவன் ட்ரம்முக்குப் போனான். வீடுகளுக்குள் சனம் மெட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டி வாசலைத் தாண்டிப் போய்விடும். மற்ற வண்டிக்காரன் ஒருத்தன் இரங்கி, என்னுடைய டியூனை ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறான். அது எவன் பெற்ற பிள்ளையோ, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். பிடிவாதக்காரன். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. மற்ற மெட்டைப் போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் அல்லவா!

அவனிடம் மிஞ்சிய பாணை ஷெரோமி போய் வாங்கி வந்தாள். காலையில் பழைய பாண், இரவில் பழைய பாண். மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவளும் தின்பாள். கிள்ளுகிறவள் கிள்ளாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு நாள் தாங்காமல், ரொஹானுக்குப் போன் எடுத்துச் சொல்லவா என்று அவளிடமே கேட்டேன். "அத எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றாள்.

எடுக்கவில்லை. விழா முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும் எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம். கோழைக்கு எப்போதும் ஏதோ ஒரு விழா முடிய வேண்டியிருக்கும்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம், டவுனுக்குப் பக்கத்து மைதானத்தில். மண்டபம் வேண்டாம், ரொக் என்றால் வானம் தெரிய வேண்டும் என்று ரொஹான் ஒற்றைக்காலில் நின்றான். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள், மைதானம் நிறைய பிளாஸ்டிக் கதிரைகள். உட்கார்ந்திருந்தவர்கள் என் சொந்தக்காரர்கள், ஹெர்பர்ட்டின் சொந்தக்காரர்கள், கோயிலில் அறிவித்ததைக் கேட்டு வந்த சிலர், போனைப் பார்த்துக்கொண்டிருந்த கொஞ்சப் பசங்கள். மிச்சக் கதிரைகள் பல்லை இளித்தன.

ஹெர்பர்ட் வந்திருந்தான். பாட்டுக்காக வந்திருக்கிறேன், உனக்காக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் பேஸைத் தோளில் போட்டான். கொழும்பு ட்ரம்மர் நல்ல பையன். ஓர் அடி பிசகாமல் அடித்தான். ஒவ்வொரு பாட்டும் முடிய, மழை தொடங்குகிற மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைதட்டல் கேட்டது. முத்தான பதினொன்று இப்படி முடிந்தது. ரொஹான் முன்வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். கடைசிக்கு "முதல் பஸ்".

அதன் தொடக்கம் கிட்டார் மட்டும்தான். வாசித்தேன். ஆள் உயர ஸ்பீக்கர்கள் அதை வாங்கி மைதானத்தைத் தாண்டி எறிந்தன. மேட்டுப் பக்கத்து லேன்களுக்கும் பள்ளத்து வீடுகளுக்கும் அது போயிருக்க வேண்டும்.

முதலில் இரண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பின்னால் ஒரு பெண். பிறகு மேட்டிலிருந்து நாலைந்து பேர், பள்ளத்திலிருந்து ஒரு கூட்டம், ரோட்டைக் கடந்து இன்னொரு கூட்டம். நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மைதானத்து வாசல் கொள்ளவில்லை. ரொஹான் போனைத் தூக்கிப் படமெடுக்கத் தொடங்கினான். "அண்ணே, ஊரே வருது!" என்று கத்தினான்.

நான் நம்பினேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு காலமும் இந்தச் சனம் எங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று வாசித்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

கண்ணைத் திறந்தால் எல்லார் கையிலும் பை.

மேட்டு லேன் நல்லம்மா அக்கா கதிரைகளை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார். கையில் மடித்த நோட்டு. மைக் தாழ்வாக இருந்தது. அவர் கேட்டது ஸ்பீக்கர் வழியாக ஊருக்கே கேட்டது.

"தம்பி, பாண் வண்டி எங்க நிக்குது?"

முதலில் பசங்கள் சிரித்தார்கள். பிறகு என் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பை கொண்டு வந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் இங்கேயும் அங்கேயும் பார்த்தார்கள், இத்தனை நாளாக ஆளைக் காணவில்லையே என்று ஆளை ஆள் கேட்டார்கள். மேடையில் நின்ற ராஜாவை ஒருவரும் கவனிக்கவில்லை. மானம் கப்பலேறுவதைக் கரையில் நின்று பார்ப்பது என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் அந்த த்ரீவீல் வந்து நின்றது. அவனுக்கும் மெட்டுக் கேட்டிருக்கிறது. மெட்டுக் கேட்டால் சனம் வரும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அன்ஸாப் இறங்கினான், கண்ணாடியைத் திறந்தான். மைதானம் அப்படியே திரும்பியது. எல்லா முதுகும் எனக்கு, எல்லா முகமும் அவனுக்கு.

ரொஹான் மேடைக்குப் பாய்ந்து வந்தான். அதே ஆள்தானே அண்ணே, என்ன திமிர், இப்போதே பொலிசுக்கு எடுக்கிறேன் என்று போனில் எண்ணைத் தட்டினான். நான் வாசித்துக்கொண்டே, "வேணாம் ரொஹான். அவன்தான் எங்க ட்ரம்மர். மெட்டு அவனோடது, களவெடுத்தது நான்" என்றேன். அவன் எண் தட்டுவதை நிறுத்தினான். மைக்கில் சொல்லியிருக்கலாம். மைக் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி அவன் காதுக்கு மட்டும்தான் சொன்னேன்.

பாட வேண்டிய இடம் வந்தது. கொழும்புப் பையன் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் பாடவில்லை. பாடினால் மெட்டு மாறும். பள்ளத்து வீடுகளிலிருந்து சனம் இன்னும் வந்துகொண்டிருந்தது. தொடக்கத்துக்கே திரும்பிப் போனேன். இன்னொரு தரம். இன்னொரு தரம். பையன் குழம்பிப்போய்க் குச்சிகளை மடியில் வைத்தான். ஹெர்பர்ட் என்னை ஒரு பார்வை பார்த்தான், பிறகு பேஸைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு அவனும் இறங்கிப் போய் வரிசையில் நின்றான். ரொஹான் முதலில் கை காட்டினான், பிறகு கத்தினான், பிறகு ஒரு கதிரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்தான். நான் வெறும் கிட்டாரை வாசித்தேன், கூரை மேல் குழாய் ஸ்பீக்கர் மாதிரி. விரல் நுனி எரிந்தது. முன்வரிசையில் என் சித்தப்பா பணிஸ் தின்றுகொண்டிருந்தார். நான் வாசித்து ஒருவருக்குப் பிரயோசனப்பட்டது என்றால் அது அன்றைக்குத்தான்.

கண்ணாடிப் பெட்டி வெறுமையாகும் மட்டும் வாசித்தேன். பைகள் நிறைந்தவர்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் திரும்பிப் போனார்கள். நல்லம்மா அக்கா போகிற போக்கில் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கிட்டாரைத் தோளில் போட்டபடியே மேடையை விட்டு இறங்கினேன். அன்ஸாப் துணியால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். சொல்வதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். மச்சான் என்றேன்.

அவன் துணியை மடித்து வைத்தான். கண்ணாடியைச் சாத்தினான். "இன்னைக்கு எல்லாம் வித்திருச்சி" என்றான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நாளைக்கு சுபஹு தொழுதுட்டு வண்டி கெளம்பணும். நாளைக்கு யாரு வாசிக்கிற?"

கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். உண்மையாகவே ஒரு பதில் வேண்டும் என்ற மாதிரி, ஹேண்டிலில் ஒரு கையை வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டார் வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தேன். அவன் வண்டியில் ஏறி, ஒரு சத்தமும் போடாமல், ரோட்டில் இறங்கிப் போனான்.